மூணாவது லோடு

மாமா, சாப்ட்டீங்களா? நான் இன்னிக்கு முருங்கக்காய் சாம்பாரு வெச்சேன். இந்த ஷார்ஜாவுல முருங்கக்காய் கெடைக்குது, ஆனா மென்னா கட்டில் கால மெல்ற மாதிரி இருக்குது. வெள்ளிக்கெழம லீவு. ரூம்ல இருக்குறவனுங்க எல்லாம் துணி தொவைக்கப் பூட்டானுங்க. அதான் போன வாய்கிட்ட வெச்சிக்கினு பேசிப் பேசியே டைப் பண்றேன். கையால அடிச்சா பாதியில நிறுத்திடுவேன், என்னப் பத்தி எனக்குத் தெரியும்.

விஷயம் ஒண்ணே ஒண்ணுதான். நேத்து உங்கம்மா, கெங்கம்மா அத்த, ஒரு போட்டோ அனுப்பினாங்க. உங்க நெலத்துல, கொல்லி மேட்டு புத்துக்கு முன்னாடி இளவரசி அக்கா நிக்குது. அஞ்சு மாச வயிறு. நாக்க நீட்டிக்கினு இருக்குது, அத்த வெரல்ல ஒரு சிட்டிக மண்ணு. கீழ "அம்மா துணை"ன்னு எழுதி ஏழு பூ போட்டிருந்தாங்க. மாமா, அக்காவ அந்த மண்ண திங்க வுடாதீங்க. ஏற்கெனவே ரெண்டு வாட்டி வயித்துல தங்காம போச்சி இல்ல, அதுக்கும் அந்த மண்ணுக்கும் சம்பந்தம் இருக்கும்னு நெனைக்கிறேன். நெனைக்கிறது இல்ல, தெரியும். இன்னாடா ஒளர்றான்னு கேப்பீங்க. கோவப்படாம கேளுங்க. நானும் கோவப்படாமதான சொல்றேன்.

நான் சீனுவாசன் அண்ணங்கிட்ட டிப்பரு சூப்பர்வைசரா இருந்தது உங்களுக்குத் தெரியும். சூப்பர்வைசருன்னா இன்னா, லோடு வந்தா இங்க கொட்டு அங்க கொட்டுன்னு கைய காட்டணும். படிச்ச படிப்புக்கு அது ரொம்ப தோதான வேல. அந்த வருசம்தான் ஏரியெல்லாம் தூர் வாரி, வண்டல் மண்ண வெவசாயிங்க சும்மாவே எடுத்துக்கலாம்னு சொல்லி இருந்தாங்க. ஏரி மண்ணு நல்ல மண்ணு மாமா, அதுல நான் பொய் சொல்ல மாட்டேன். வத்தின ஏரியில பொக்லைன் எறங்கி அள்ளுச்சின்னா, கருப்பா, வழவழன்னு, உளுந்து மாவு கணக்கா வரும். ஆனா கேக்குறவங்க ஊருக்கு நூறு பேரு, ஏரி ஒண்ணு. இன்னொரு பக்கம், ஒரு டவுனுல சாக்கடத் தண்ணி சுத்தம் பண்ற எடத்துல, அடியில தங்கின கசடு குன்று மாதிரி குமிஞ்சி கெடக்குது, தூக்கிக்கினு போவ ஆளு இல்ல. எந்த டவுனுன்னு சொல்ல மாட்டேன். அங்க எனக்கு சிநேகிதனுங்க இருக்கானுங்க, அந்தக் குன்றுல அவனுங்க பங்கும் இருக்கும்.

சீனு அண்ணன் ஒரு வழி கண்டுபுடிச்சாரு. ரெண்டு லோடு ஏரி மண்ணு, மூணாவது லோடு கசடு. கொட்டி, கலந்து, பரப்பி, ஏரு ஓட்டிட்டா பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது.

உங்க பக்கத்துக் கொல்லி துரைக்கண்ணு தாத்தாவுக்கு மட்டும் தெரிஞ்சிது. மனுசனுக்கு மூக்கு நல்ல மூக்கு. வரப்பு மேல நின்னு மோந்து பாத்துட்டு கேட்டாரு.

"இன்னாடா ரஞ்சித்து, ஏரி மண்ணுன்ன, கக்கூஸ் நாத்தம் அடிக்குது?"

"ஏரியில இன்னா தாத்தா, பன்னீரா நிக்குது? உங்க ஊரே காலங்காத்தால அங்கதான குந்துது."

"அது சரி. நானும்தான் குந்துறேன்"னு சிரிச்சிட்டாரு. அந்தப் போகம் அவரு மல்லாட்டை செடி ஒவ்வொண்ணும் முட்டி ஒசரம். ஒரு செடியப் புடுங்கினா வேர்ல ஒரு படி காய் தொங்குச்சி. மூட்ட கட்டி எங்க வூட்டுக்கே கொண்ணாந்து போட்டாரு. அவிச்சித் தின்னோம். நல்லாத்தான் இருந்துச்சி. மனுசன் தின்னது நெலத்துக்குப் போவுது, நெலத்துல வெளைஞ்சது மனுசனுக்கு வருது, இதுல இன்னா குத்தம்? வெளிநாட்டுல இதையே காய வெச்சி, டெஸ்ட்டு பண்ணி, மூட்ட போட்டு விக்கிறாங்களாம். நாங்க டெஸ்ட்டு ஒண்ணுதான் வுட்டுட்டோம்.

அந்த வைகாசியில ஒரு நாளு மூணாவது லோடு வேற எடத்துலேர்ந்து வந்துச்சி. பழைய பேட்டரி ஒடைக்கிற கம்பெனி ஒண்ணு, அவங்க தொட்டியில அடியில தங்கின சேறு. இதுல நாத்தமே இல்ல. அதான் எனக்கு மொத சந்தேகம். சாம்பக் கலர்ல, நைசா, கும்முனு இருந்துச்சி. சீனு அண்ணன் போன்ல சொன்னாரு.

"டேய், அத வெறுங்கையால தொடாத. புள்ள குட்டிங்க வெளையாடாத எடமா பாத்து எறக்கு."

"இன்னாண்ணே அது?"

"மண்ணுதான்டா."

"மண்ணத் தொட்டா இன்னா ஆவும்?"

"இவ்ளோ கேள்வி கேக்குறவன் கலெக்டருக்குப் படிச்சிருக்கணும். ஜல்தி எறக்கிட்டு வண்டிய அனுப்பு."

எங்க எறக்குறதுன்னு யோசிச்சேன். வேற யாரு நெலத்துலயாவது எறக்கினா நாளிக்கு வந்து சண்டைக்கு நிப்பாங்க. உங்க கொல்லி மேட்டு மூல, வேப்ப மரத்தாண்ட காலியா கெடந்துச்சி. நீங்க அப்ப மெட்ராஸ்ல கட்டட வேலைக்குப் போய்க்கினு இருந்தீங்க. மாமா நெலம்தான, கேக்க மாட்டாருன்னு ஒரு உரிம. பரப்பறதுக்கு டிராக்டரு வரணும், டிராக்டரு கேரேஜ்ல. பதினேழு நாளு அப்படியே கெடந்துச்சி. சுத்தி இருந்த பில்லு மொதல்ல மஞ்சளாச்சி, அப்பால இல்லாமலே போச்சி. நடுவுல ஒரு கோட மழ. மழ காஞ்சதும் குவியல் மேல வெடிச்சி, மூணு மொனையா நின்னுது. தூரத்துலேர்ந்து பாத்தா நெசமான புத்துதான்.

அந்தச் சமயம் பாத்து யாரோ ஒரு புண்ணியவான் திங்கக்கெழம மனு குடுத்துட்டான், ஏரி மண்ணுன்னு ஏதேதோ கொட்றாங்கன்னு. மறுநாளு காலையில ஆபீசருங்க வர்றாங்க, குவியலா இருக்குற எடத்துலதான் சாம்பிள் எடுப்பாங்கன்னு அண்ணனுக்கு சேதி வந்துச்சி. "எதனா பண்ணு"ன்னு போன வெச்சிட்டாரு. இன்னா பண்றது, பத்து டன்னு மண்ண ஜோப்புலயா போட முடியும்? நிமிந்து பாத்தேன். மூணு மொன. மேல வேப்ப மரம். எனக்கா ஒண்ணும் தோணல மாமா, அந்த மண்ணே ரெடியாத்தான் இருந்துச்சி.

டிப்பரு முன்னாடி கட்டியிருந்த எலுமிச்சம்பழத்த அவுத்தேன். கடையில ஒரு மஞ்சத் துணி. குங்குமம் மட்டும் மறந்துட்டேன். உங்க வூட்டுக்குத்தான் போனேன்.

"எதுக்குடா குங்குமம்?"னு அக்கா கேட்டுச்சி.

"வண்டிக்கு பூஜக்கா."

"இரு, நல்ல குங்குமமா தர்றேன்"னு சாமி மாடத்துலேர்ந்து எடுத்து பேப்பர்ல மடிச்சிக் குடுத்துச்சி.

செவ்வாக்கெழம பத்து மணிக்கு ஜீப்பு வந்துச்சி. ரெண்டு பேரு. ஒருத்தரு கையில பிளாஸ்டிக் கவரு, இன்னொருத்தரு கையில மம்ட்டி. நான் வரப்புல ஒண்ணும் தெரியாதவனாட்டம் பல்லு குத்திக்கினு நிக்கிறேன். அவங்க மஞ்சத் துணியப் பாத்துக் கொஞ்சம் தயங்குனாங்க. இருந்தாலும் கடம கடமதானே, மம்ட்டியத் தூக்கிட்டாரு. அப்பதான் மாட்டுக்குப் பில்லு அறுத்துக்கினு வந்த கெங்கம்மா அத்த, அந்தத் துணியையும் குங்குமத்தையும் மொத மொதலா பாக்குறாங்க. நான் அவங்ககிட்ட ஒண்ணுமே சொல்லல மாமா, சத்தியமா. தலையில இருந்த பில்லுக்கட்ட அப்படியே கீழ போட்டாங்க. கொண்ட அவுந்துச்சி.

"யார்ரா அவன், எம் மடியில மம்ட்டி வெக்கிறவன்?"

அந்த ஆபீசரு ரெண்டடி பின்னால வந்து ஷூவக் கழட்டிட்டாரு. இன்னொருத்தரு பாக்கெட்டுலேர்ந்து போன எடுத்து ஆஃப் பண்ணாரு, ஏன்னு தெரியல. சாமிக்கு டவர் தொல்ல குடுக்கக் கூடாதுன்னு போல. சாம்பிள துரைக்கண்ணு தாத்தா கொல்லியில எடுத்துக்கினு, நெத்தியில குங்குமம் வெச்சிக்கினு, பேஜாரு இல்லாம போய்ச் சேந்தாங்க. தாத்தா கொல்லியில அவங்க எடுத்த எடத்துல மட்டும் கசடு சேரல, சுத்தமான ஏரி மண்ணு. ரிப்போர்ட்டு நல்லபடியா வந்துச்சி. நெலம் வளமா இருக்குதுன்னு எழுதியிருந்துதாம்.

ரெண்டு நாளு கழிச்சி ராவோட ராவா அள்ளிடலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள அத்த மேட்ட பெருக்கி, கோலம் போட்டு, வெளக்கும் ஏத்திட்டாங்க. பேரு கூட வெச்சாச்சி, கருமண்ணம்மா. அம்பத்தெட்டு வருசமா அந்த ஊருல யாரும் அவங்க பேச்ச காது குடுத்துக் கேட்டதில்ல. இப்ப தலையாரியே வந்து கைய கட்டிக்கினு நிக்கிறாரு. அதப் போயி நான் எப்படிக் கெடுக்கறது? கசடுக்குக் கற்பூரம் காட்றாங்களேன்னு எனக்கு சிரிப்பாவும் இருந்துச்சி, நானும் ஒரு ஓரமா நின்னு கன்னத்துல போட்டுக்கினேன்.

ஒண்ணு தெரிஞ்சிக்கோங்க மாமா. அதுக்கு அப்பால அந்தக் கம்பெனியிலேர்ந்து பதினொரு லோடு வந்துச்சி. எதையும் குவியலா வுடல. அன்னன்னிக்கே பரப்பி ஏரு ஓட்டிட்டோம். பரப்பிட்டா சாமி ஆவாது பாருங்க. கேப்ப, மல்லாட்டை, கத்திரின்னு எல்லாம் போட்டு எடுத்துட்டாங்க. அதெல்லாம் எங்க போச்சின்னு யாரு தேடறது.

புத்து மண்ணுக்குக் கூட்டம் சேந்ததுக்குக் காரணம் நான் இல்ல. அது தித்திச்சிது. மொதல்ல அத்ததான் நாக்குல வெச்சிப் பாத்துட்டு சொன்னாங்க, அம்மா கருண தித்திக்குதுன்னு. திண்டிவனத்துலேர்ந்து ஷேர் ஆட்டோவுல வர ஆரம்பிச்சாங்க. கோலியனூர்லேர்ந்து ஒரு குடும்பம் டெம்போ வெச்சிக்கினு வந்துச்சி. புள்ளைங்களுக்கு அக்கின்னா பூசறது, வயித்து வலின்னா தண்ணியில கரைச்சிக் குடுக்கறது, கொழந்த இல்லாதவங்க நாப்பத்தெட்டு நாளு வெறும் வயித்துல திங்கிறது. மண்ணு எப்படித் தித்திக்கும்னு எனக்கும் ஆச்சரியம்தான். போன்ல தேடிப் பாத்தேன். ஈயம் கலந்தா தித்திக்குமாம். கூடவே வேற சிலதும் போட்டிருந்தாங்க, ரத்தம், மூள, கரு அப்படின்னு. முழுசா படிக்கல. டேட்டா கம்மியா இருந்துச்சி.

துரைக்கண்ணு தாத்தா பேத்தி சங்கவிய ஞாபகம் இருக்குதா? நாலு வயசு, சொத்தையில முன் பல்லு ரெண்டும் இல்லாம சிரிக்கும். தாத்தா கொல்லிக்கு வந்தா அது நேரா புத்தாண்டதான் போவும். சிட்டிகையெல்லாம் இல்ல, கை நெறைய அள்ளும். "அம்மாவுக்குப் புடிச்ச கொழந்த"ன்னு அத்த கொஞ்சுவாங்க. ஐப்பசியில அதுக்கு வயித்து வலி, அப்பால வாந்தி, அப்பால வலிப்பு. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டிக்கினு போனேன். ஒரு உதவின்னா நான் எப்பவும் முன்னாடி நிப்பேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. ரத்தத்துல ஈயம் எக்கச்சக்கமா இருக்குதுன்னு சொல்லிட்டு ஒவ்வொண்ணா கேட்டாங்க. வூட்ல பழைய பெயின்ட்டு இருக்குதா, பக்கத்துல பேட்டரி கட இருக்குதா, கண்ணுக்கு மை போடுவீங்களா, எதனா வாயில போடுமான்னு. தாத்தா எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னாரு. அவரு பொய் சொல்லல மாமா. பிரசாதத்த எவனாவது வாயில போட்ட கணக்குல சேப்பானா? அந்தம்மா வுடல, "நல்லா யோசிச்சி சொல்லுங்க, அது தெரிஞ்சாதான் நிறுத்த முடியும்"னாங்க. பேனாவத் தொறந்து வெச்சிக்கினு கடைசியா என்னப் பாத்தாங்க. "பல்பம் திம்பா டாக்டர், நானே பாத்திருக்கேன்"னேன். அது பொய் இல்ல, ஒரு வாட்டி பாத்திருக்கேன். எழுதிக்கினாங்க.

அந்த வாரம்தான் ஷார்ஜா விசாவுக்கு கோட்டக்குப்பத்து ஏஜென்ட்டு எங்கிட்ட போலீஸ் சர்ட்டிபிகேட்டு கேட்டிருந்தாரு. எம் மேல ஒரு கேசும் இல்லன்னு ஸ்டேஷன்ல எழுதித் தரணும். அப்பப் போயி வாயத் தொறந்தா இன்னா ஆவும்னு நீங்களே சொல்லுங்க.

மூணாம் நாளு தாத்தா வெராண்டாவுல என் கையப் புடிச்சிக்கினாரு. "ரஞ்சித்து, அம்மா மண்ணு கொஞ்சம் கொண்ணாந்து குடுடா. இவங்க ஊசியால ஒண்ணும் ஆவல. நர்சுக்குத் தெரியாம நாக்குல வெச்சிப் பாக்குறேன்"னாரு. வண்டி எடுத்துக்கினு ஊருக்கு வந்தேன். வழியில எத்தினி எடத்துல மண்ணு இருந்துச்சி. ரோட்டோரத்துல ஒரு புடி எடுத்து மடிச்சிருந்தாலும் அவருக்குத் தெரியப் போறதில்ல. ஆனா நம்பிக் கேக்குறாரு மாமா, பெரிய மனுசன். சாமி விஷயத்துல ஏமாத்தக் கூடாதுன்னு புத்துலேர்ந்தேதான் எடுத்துக்கினு போய்க் குடுத்தேன்.

கார்த்திகை மொத வாரம் அந்தப் புள்ள போயிட்டா. குழி வெட்ட நானும் ஒரு கை புடிச்சேன். மூணு அடிக்குக் கீழ நம்ம கொட்டின மண்ணு இல்ல, பழைய செம்மண்ணுதான் வந்துச்சி. அது ஒரு ஆறுதலா இருந்துச்சி.

அக்காவுக்கு மொத வாட்டி கலைஞ்சது அதே மாசம், அத்த குடுத்த மண்ண அதுவும் தின்னுக்கினுதான் இருந்துச்சி. ரெண்டாவது, போன ஆடியில, நான் இங்க வந்துட்ட பின்னால. அத்த வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. "என் கையால மண்ணு வாங்கித் தின்னு எவ எவளோ புள்ள பெத்துக்கினு போறா, எம் மருமவ வயிறு மட்டும் ஓட்டப் பானையா?"ன்னு போன்லயே எனக்குக் கேட்டுச்சி. அதுல அக்காவுக்கு வைராக்கியம் வந்துடுச்சி. நேத்து போட்டோ பாத்துட்டு நானே போன் பண்ணேன்.

"டேய், இந்த வாட்டி நிக்கும்டா. அத்த தெனம் மூணு வேள குடுக்கறாங்க"ன்னுச்சி.

"மூணு வேளயாக்கா?"

"ஆமாடா. மொதல்ல கஷ்டமாத்தான் இருந்துச்சி, இப்ப எனக்கே ஆச வந்துடுச்சி. முந்தானையில முடிஞ்சி வெச்சிக்கினு அப்பப்ப போட்டுக்கறேன். நீ சிரிக்காத."

"சிரிக்கலக்கா."

"கையி மட்டும் கொஞ்சம் மரத்து மரத்துப் போவுது. மாசமா இருந்தா அப்படித்தான்னு அத்த சொல்றாங்க."

"அப்படித்தான் இருக்கும்"னேன். திடீர்னு போன்ல சொன்னா யாருக்கும் அதிர்ச்சியா இருக்கும். அதான் பக்குவமா எழுதிடலாம்னு இன்னிக்கு குந்தினேன்.

இப்ப எல்லாத்தையும் சொல்லிட்டேன் மாமா. மண்ணக் கொட்டினது நான். துணி கட்டினது நான். பல்பம்னு சொன்னது நான். அந்தப் புள்ள வாய்க்குக் கடைசியா மண்ணு கொண்ணாந்ததும் நான். எதையும் மறைக்கல, எவன் மேலயும் பழி போடல. சொன்னதும் நெஞ்சு லேசாயிடுச்சி. சாம்பார இன்னொரு கரண்டி ஊத்திக்கினேன்.

மேலேர்ந்து ஒருக்கா படிச்சிப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருக்குது. ஆனா இத நீங்க படிச்சா மொகம் மாறும். உங்க மொகம் மாறுனா அக்கா கேட்டுடும். தெரிஞ்சா அத்தயோட சண்ட, ஊருல கலாட்டா, அழுவ. பிரஷரு ஏறக் கூடாது, மனசு சந்தோசமா இருக்கணும்னு அக்காவுக்கு டாக்டரு தனியா சொல்லி வுட்டிருக்காங்க. மாசமா இருக்குற பொண்ணு மனசு நோவக் கூடாதுன்னு தெரியாத மிருகமா நான்? அதனால இத இப்ப அனுப்பல, போன்லயே வெச்சிருக்கேன். நல்லபடியா கொழந்த பொறக்கட்டும் மாமா, மறுநாளே அனுப்பிடறேன்.